எலுமிச்சம்பழமும் ஏற்றப் பாதையும்

சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்குப் புதுக்களை வந்துவிடுகிறது. மலர்க் கண்காட்சி என்ன, குதிரைப் பந்தயம் என்ன, கிறகரி வாவியிலே படகுச் சவாரி என்ன என்று வேடிக்கைகளுக்குக் குறைவில்லை. இவையெல்லாம் இருக்க, குளிரையும் பனியையும் பாராது இளைஞர் கூட்டத்தை விடியற்காலையிலேயே மலைச்சரிவுக்கு இழுத்துச் செல்லும் வேடிக்கை ஒன்றும் உண்டு. அதுதான் மாகஸ்தோட்டை மலையேற்ற மோட்டார்ப் பந்தயம். 1934 ஆம் ஆண்டிலே தொடங்கிய பந்தயம் அது. தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்து நெளிந்து மேலேறும் பாதையில், வண்டிகள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுக் கடிகாரத்துடன் போட்டியிடும். ஓரிரு நிமிஷங்களில் ஒரு வண்டியின் விதி முடிந்துவிடும்.

அத்தகைய ஒரு நாளில் சரிவிலே நின்று நாம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது, அருகே நின்ற இளைஞர் ஒருவர் ஒரு கேள்வியைப் போட்டார்: “ஐயா, இந்தப் பழைய வண்டிகள் ஒரு நிமிஷம் சீறிப் பாய்வது சரிதான். காலை தொடங்கி இரவு வரை ஓடு என்றால் ஓடுமா?” கேள்வி சிறியது, ஆனால் மலைநாட்டிலே வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. ஆகவே இந்த வாரம் அதனையே எடுத்துக்கொள்கிறோம்.

இக்கேள்விக்கு விடை காணவென்றே அமெரிக்காவில் ஒரு பந்தயம் நடக்கிறது. பிரான்சு தேசத்து லெமான் நகரில் 1923 ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் 24 மணி நேரப் பந்தயத்தை அறியாத மோட்டார்ப் பிரியர் இரார். கோடிக்கணக்கில் செல்வம் கொட்டப்படும் பந்தயம் அது. அதனைக் கேலி செய்வது போல, ஜே லாம் என்பவர் 2006 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலே ‘லெமன்ஸ்’ என்னும் பந்தயத்தைத் தொடங்கினார். லெமன் என்றால் எலுமிச்சம்பழம். ஓயாமல் தொல்லை கொடுக்கும் ஓட்டை வண்டியையும் அந்நாட்டார் அப்பெயராலேயே அழைப்பர். பந்தயத்துக்கு வரும் வண்டியின் விலை 500 டொலருக்கு மேற்படலாகாது என்பது விதி. ஆனால் அவ்விதிக்குள்ளே இன்னொரு விதியும் உண்டு. ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் கூடு, இருக்கை, வார்ப்பட்டி, பிரேக் ஆகியவற்றுக்குச் செலவிடும் பணம் அந்த 500 டொலரில் சேராது. இந்த இரண்டாம் விதியை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் அதற்கு வருவோம்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் அது ஏதோ தேவலோகத்து இரதம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. 1958 ஆம் ஆண்டில் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் சிறு காரையே எடுத்துக்கொள்வோம். அதன் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின், நம் தோட்டத்து டாக்டர்களும் பெரிய கிளாக்கர்களும் ஒரு காலத்தில் ஓட்டிய மொறிஸ் மைனரில் இருந்த அதே எஞ்சின்தான். முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு ஒஸ்ரின் ஏ35 வண்டியிலிருந்து வந்தது. ஸ்ரியறிங் பொறியோ மொறிஸ் மைனரின் பொறி. 1959 இல் வெளிவந்த மினியும் அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஸ்பிறைற் செய்த மாறுதலெல்லாம் பாரத்தைக் குறைத்ததும், காபரேற்றர் இரண்டைப் பொருத்தியதும், உருவத்தை அழகாக்கியதுமேயாம். அந்த ஏழை வீட்டுப் பிள்ளை, 1959 ஆம் ஆண்டில் புளோரிடாவின் செபறிங் நகரில் நடந்த 12 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவின் முதல் மூன்று இடங்களையும் தட்டிக்கொண்டு வந்தது. அன்று அது புதிய வண்டி. இன்று அதற்கு அறுபது வயது கடந்துவிட்டது. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நெடுநேரப் பந்தயத்தில் பழைய வண்டியைக் கொல்வது வேகம் அன்று, வெப்பமே. நம் மலைநாட்டார்க்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை ஏற்றத்தில் ஏறும்போது முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஓடையில் தண்ணீர் மொள்ளும் சாரதிகளை எத்தனை முறை கண்டிருக்கிறோம்! நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான். திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 பாகைக்குப் பதிலாக 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அழுத்தமூடி தளர்ந்த பழைய றேடியேற்றரும் அத்தகைய திறந்த பாத்திரந்தான். மெலிந்த காற்றினால் எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். குறைந்த வலுவை ஈடுசெய்யச் சாரதி மேலும் மிதிப்பான். வெப்பம் மேலும் ஏறும். முடிவில் ஹெட் காஸ்கற் எரிந்துபோகும்.

அடுத்த பகை எண்ணெய் வறட்சி. நீண்ட வளைவிலே வண்டி வேகமாகத் திரும்பும்போது, எஞ்சினின் அடித்தொட்டியிலுள்ள எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அதை உறிஞ்சும் குழாய் காற்றை உறிஞ்சும். சில விநாடிகள்தாம்; ஆயினும் சுழல் தண்டைத் தாங்கும் பெயரிங்குகளுக்கு அந்தச் சில விநாடிகளே போதும். மூன்றாவது, உலோகத்தின் சோர்வு. ஒரு கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அது முறிந்துவிடுமன்றோ? அறுபது ஆண்டுகள் குழியிலும் மேட்டிலும் வளைந்த அச்சுக்கும் அதுவே கதி. மேலே பூசிய வர்ணம் பளபளப்பதால் உள்ளிருக்கும் கீறல் மறைந்துவிடாது.

அப்படியானால் பழைய வண்டி பிழைக்கவே மாட்டாதா? பிழைக்கும், ஆனால் அது கணக்குத் தெரிந்தவன் கையில் இருக்கவேண்டும். ஒரு சுற்றுக்கு மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் பழுதாகி ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் 20 சுற்றுக்கள் போயின. இன்னும் 10 மணி நேரப் பந்தயம் மீதமுண்டு என்றால், இழந்ததை ஈடுசெய்ய ஒவ்வொரு சுற்றையும் ஏறக்குறைய 16 விநாடி குறைவாக ஓடி முடிக்கவேண்டும். எந்தச் சூரனாலும் ஆகாத காரியம். மாறாக, தொடக்கத்திலிருந்தே சுற்றுக்கு ஐந்து விநாடி விட்டுக்கொடுத்து நிதானமாக ஓடுபவன் அந்த 10 மணி நேரத்தில் இழப்பது ஐந்தாறு சுற்றுக்களே. ஆமையும் முயலும் கதையை நம் பாட்டிமார் வீணாகச் சொல்லி வைக்கவில்லை.

ஹற்றன் நகரிலே சிறிய கராஜ் ஒன்றை நடத்தும் முதியவர் ஒருவரிடம் இதைப்பற்றிப் பேச்சுக் கொடுத்தோம். தோட்டத்து லயத்திலே பிறந்து, பத்து வயதில் கொழுந்து லொறிக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கியவர் அவர். சிரித்துக்கொண்டே அவர் சொன்னதன் சாரம் இது: வண்டி ஏறுவதைப் பார்த்து அதனை மதிக்காதே, இறங்குவதைப் பார்த்து மதி; எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு; பிரேக்கை நம்பி மலை இறங்குபவன் கடன் வாங்கிக் கல்யாணம் செய்பவனுக்குச் சமானம். எமக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. றம்பொடை இறக்கத்தில் இடைவிடாது பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடியை இழக்கும். பந்தயப் பாதையின் ஒவ்வொரு வளைவும் ஒரு சிறு றம்பொடையே.

நம் நாட்டில் இன்னொரு விசித்திரமும் உண்டு. அமெரிக்கர் 500 டொலருக்குத் தேடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார், இங்கே மலிவான பொருளன்று. 1977 ஆம் ஆண்டுக்கு முந்திய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்திலும், 2020 மார்ச் முதல் 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்திலும், பழைய வண்டிகளின் மதிப்பு ஏறியதேயன்றி இறங்கவில்லை. எனவே பணவசதியற்ற நம் இளைஞர் பந்தயத்துக்கு நாடியவை மினி, போர்ட் லேசர், நிசான் மார்ச் போன்ற குடும்ப வண்டிகளே. இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. உதிரிப் பாகம் தாராளமாகக் கிடைக்கும் வண்டியே நெடுநேரப் பந்தயத்திற்கு ஏற்ற வண்டி. பெயர்பெற்ற வண்டியை வைத்துக்கொண்டு ஒரு வாஷருக்காகக் கப்பலை எதிர்பார்த்திருப்பவனைக் காட்டிலும், பெயரற்ற வண்டியை இரவோடிரவாகப் பழுதுபார்ப்பவன் பாக்கியசாலி.

இப்பொழுது அந்த இரண்டாம் விதிக்கு வருவோம். 2024 ஏப்ரல் 21 ஆம் திகதி தியத்தலாவையிலே பொக்ஸ் ஹில் பந்தயத்தின்போது, ஓடுபாதையை விட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்துட் பாய்ந்தது. 7 பேர் மாண்டனர். அவர்களுள் ஒரு சிறுமியும் அடக்கம். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். சித்திரை விடுமுறையில் வேடிக்கை பார்க்கப் பிள்ளையின் கையைப் பிடித்துச் சென்றவர்கள் அவர்கள். அன்றுமுதல் மாகஸ்தோட்டைச் சரிவில் நிற்பதை நினைக்கும்போது எமது கால்களில் ஒரு தயக்கம் வந்து குடிகொண்டிருக்கிறது. செடிகளுக்கிடையே நாம் நின்ற அந்த இடத்துக்கும் பாதைக்கும் நடுவே இருந்ததென்ன? ஒரு கயிறும், நம்முடைய நம்பிக்கையுமே.

சிக்கனம் நல்லது. வர்ணத்தில் சிக்கனம் செய்யலாம். இருக்கைத் துணியில் செய்யலாம். எஞ்சினைக்கூடப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கலாம். பிரேக்கிலும், ஓட்டுபவனின் இரும்புக் கூட்டிலும், பார்ப்பவர் முன்னே எழுப்பவேண்டிய தடுப்பிலும் சிக்கனம் செய்தலாகாது. எலுமிச்சம்பழப் பந்தயக்காரர் விளையாட்டாக எழுதிவைத்த விதிதான். ஆனாலும் அதனுள்ளே இருப்பது பெரிய தர்மம்.

ஆகவே அந்த இளைஞருக்கு எமது விடை இதுவே: தம்பி, பழைய வண்டி காலை தொடங்கி இரவு வரை ஓடும். அதன் தண்ணீரையும் எண்ணெயையும் பார்த்துக்கொள். அதன் வயதை மதித்து ஓட்டு. அடுத்த சித்திரையில் சரிவிலே எம்மைக் கண்டால், பாதை ஓரத்தில் நிற்காதே. மேட்டுக்கு ஏறி வா. அங்கிருந்தும் வண்டி நன்றாகவே தெரியும்.