தண்ணீர்ப் பந்தல் ஒரு நாள்தானா?

“பட்டணத்தில் யாருக்கு யார்?” என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால், தைப்பூசத்தன்று சுங்கைப்பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் பினாங்குக்குப் போகிறவர்கள் வேறொரு பட்டணத்தைக் காண்கிறார்கள். தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையெங்கும் பந்தல்கள். “வாம்மா, சாப்பிட்டுப் போ” என்று அழைப்பவர் நம் பெயரையும் கேட்பதில்லை, ஊரையும் கேட்பதில்லை. இரதம் வரும் வழியில் சீனர்களும் நம்மோடு நின்று தேங்காய் உடைக்கிறார்கள்.

முகமறியாதவருக்குக் கைகொடுப்பது நமக்குப் புதிதன்று. தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வீதிக்கு வந்த காலத்தில், 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஒருவரையொருவர் பார்த்திராத பால்மரத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுப் பங்கு சேர்த்தார்கள். அப்படி வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவின் புக்கிட் சிடிம்!

அந்த மனம் பந்தலைப் பிரிக்கும்போது பிரிந்துவிடலாமா? தோட்டத்தை விட்டு வேலை தேடிப் பட்டணம் வரும் 18 வயதுப் பையனை அடுக்குமாடியில் முதலில் “தம்பி” என்று அழைப்பவர் யார்? சில வேளைகளில் அது குண்டர் கும்பலாக இருக்கிறது. அவனுக்குத் தேவை சோறு மட்டுமன்று; உறவும்தான். நாம் அழைக்காவிட்டால் அவர்கள் அழைப்பார்கள்.

பல்கலைக்கழகத் தோழர்களே! பந்தலில் பரிமாறிய கை பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டட்டும். பந்தல் ஒரு நாள். பட்டணத்து வாழ்க்கை 365 நாள்.