மதில் இல்லாத மைதானம்

கோல்ஃப் என்றதும் எம்மவர் பலருக்கு மதிலும் காவலாளியும் அங்கத்துவக் கட்டணமுமே நினைவுக்கு வரும். கொழும்பில் அதற்குக் காரணமும் உண்டு. களனிவெளிப் புகையிரதம் றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின் புற்றரையை ஊடறுத்துச் செல்கிறது. பயணிகளுக்கும் அந்த விளையாட்டுக்கும் இடையிலான உறவு யன்னலோடு முடிந்துவிடும்.

ஆனால் இந்த விளையாட்டு வளர்ந்த இடத்தின் கதை வேறு. ஸ்கொட்லாந்தில் கடலுக்கும் உழுநிலத்துக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான மேட்டுநிலத்தை 'லிங்ஸ்' என்பர். ஏர் பிடிக்க உதவாத நிலம். ஆடு மேய்ந்தது, முயல் வளை தோண்டியது, மனிதர் பந்தடித்தனர். சென் அன்ட்ரூஸ் நகர மக்கள் தமது லிங்ஸில் கோல்ஃப் ஆடவும் உதைபந்தாடவும் கொண்டிருந்த உரிமையை 1552 ஆம் ஆண்டிலேயே பேராயர் ஜோன் ஹமில்டனின் பட்டயம் உறுதிப்படுத்தியது. 1797 இல் கடன்பட்ட நகரசபை அந்நிலத்தை விற்றுவிட, முயல் வளர்ப்போருக்கும் ஆட்டக்காரருக்கும் இடையே மூண்ட வழக்கு 1821 வரை இழுபட்டது. இன்று அது பொதுச்சொத்து. 1974 முதல் சட்டத்தால் அமைந்த நம்பிக்கைப் பொறுப்பொன்று அதனைப் பராமரிக்கிறது.

அங்கு புதியவர்களுக்கென உள்ள பால்கோவ் திடலில் நானும் ஒன்பது குழிகள் ஆடினேன். காற்று என்றால் அப்படியொரு காற்று. உயர எழுந்த பந்து பக்கவாட்டில் பறந்து புதருக்குள் மறைந்தது. உடன்வந்த யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னார்: "அண்ணை, மேலை தூக்காதையுங்கோ. நிலத்தோடை உருட்டுங்கோ, மண் கொண்டுபோய்ச் சேர்க்கும்." உண்மைதான். மணலுக்கு மேல் படர்ந்த குறும்புல் இறுக்கமானது, மழைநீர் தங்காது, பந்து ஓடிக்கொண்டே இருக்கும். எந்த மேட்டில் பட்டு எங்கே திரும்பும் என்பதை நிலமே தீர்மானிக்கிறது. எண்ணிக்கையை இங்கே எழுதப்போவதில்லை.

புகழ்பெற்ற பழைய திடல் ஞாயிற்றுக்கிழமைகளில் வழமையாக ஆட்டத்துக்கு மூடப்படும். உலக வாகையர் நடந்த அதே புல்லில் அன்று குழந்தைகள் ஓடுகின்றன, நாய்கள் உலாவுகின்றன. அங்கு ஒருமுறை ஆட முந்நூறு பவுணுக்கு மேல் வேண்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எனினும் நிலம் எவருடையது என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

அபடீனுக்கு வடக்கே நடந்ததை இதனோடு ஒப்பிட்டால்தான் எனக்கு வரும் கோபம் வாசகருக்குப் புரியும். மெனி தோட்டக் கடற்கரையில் காற்றோடு நகரும் மணற்குன்றுகள் இருந்தன. அரிய நிலவியல் சான்றாகப் பாதுகாக்கப்பட்ட ஃபோவரன் லிங்ஸின் பகுதி அது. அங்கு டொனால்ட் ட்ரம்பின் திட்டத்தை அபடீன்ஷயர் சபைக் குழு 2007 இல் நிராகரித்தது. ஸ்கொட்லாந்து அரசாங்கம் அவ்விடயத்தைத் தன் கையில் எடுத்து, விசாரணை நடத்தி, பொருளாதார நலனைக் காரணம் காட்டி 2008 இல் அனுமதித்தது. ஆயிரக்கணக்கான வேலைவாய்ப்புகள், 450 அறைகள் கொண்ட விடுதி என்றெல்லாம் வாக்களிக்கப்பட்டது. 2012 இல் திடல் திறக்கப்பட்டது. அந்த விடுதி எழவேயில்லை.

மணலோ நின்றுவிட்டது. புல் நட்டு அதனை அசையாமற் செய்தார்கள். கோல்ஃபுக்கு மணற்குன்று தேவை. ஆனால் அது நகரக்கூடாதாம்! சென் அன்ட்ரூஸிலும் மனிதர் கைவைத்தனர்தாம். ஆனால் பல நூற்றாண்டுகளாக, நிலம் போன போக்கில். மெனியில் சில வருடங்களிலேயே எல்லாம் முடிந்தது. அயல்நிலத்துக்காரர் மைக்கல் ஃபோர்ப்ஸ் தன் காணியை விற்க மறுத்து நின்றார். அரசாங்கத்துக்கு அந்த உறுதி இருக்கவில்லை.

2020 டிசம்பரில் இயற்கைப் பாதுகாப்பு முகவரகமான நேச்சர்ஸ்கொட், அப்பகுதியின் சிறப்பியல்பு அழிந்துவிட்டதெனக் கூறிப் பாதுகாப்புத் தகுதியை நீக்கியது. அதே ஆண்டில்தான் அபடீன்ஷயர் சபை அங்கே இரண்டாவது திடலுக்கு அனுமதி வழங்கியது. 2025 இல் அதுவும் திறக்கப்பட்டது.