மறைவான மரை

லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்ற போர்ஷே 917 காரின் கியர் குமிழ் பால்சா மரத்தால் ஆனது. எடையைக் குறைப்பதற்காகவே அம்மரத்தைத் தெரிந்துகொண்டார்கள். பின்னாளில் வந்த கரேரா ஜிடி காரும் அதன் நினைவாக மரக்குமிழைத் தாங்கியது.

இன்று பழைய பந்தயக் கார்களைப் புதுப்பிக்கும் அன்பர்கள் பலர் தாங்களே குமிழைக் கடைந்து பொருத்துகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆயினும் நம் கண் மரத்தின் ரேகையிலும் மெருகிலுமே நின்றுவிடுகிறது. மரத்திலேயே மரை வெட்டினால், கியரை மாற்ற மாற்ற அது தேய்ந்துபோகும். வளைவொன்றில் குமிழ் கழன்று கையோடு வந்தால், அதன் அழகு யாருக்கு உதவும்?

ஆகையால் முதலாவது பழைய குமிழின் மரையளவை எடுங்கள். நன்கு உலர்ந்த மரத்தையே தெரிந்துகொள்ளுங்கள். ஈரமரம் பின்னர் வெடிக்கும். நடுவில் துளையிட்டு, உட்புறம் மரையுள்ள பித்தளைக் குழலை எபாக்சி பசையால் பதித்து, ஒரு நாள் பொறுத்திருங்கள். அதன்பின் கடையத் தொடங்குங்கள். இடையிடையே நிறுத்தி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள்; கண் ஒப்புக்கொண்டதைக் கை மறுக்கக்கூடும். கழற்றிய குமிழை எறிந்துவிடாதீர்கள்; அது அந்தக் காரின் வரலாறு.

காண்போர் மெருகைப் புகழ்வார்கள். ஓட்டுகிறவரைக் காப்பதோ ஒருவரும் காணாத பித்தளை. எந்த வேலையிலும் மறைவிடத்தை முதலாவது செம்மையாக்குவோமாக.