ஆகாசவாணி பிறந்த வீடு

ஒரு வானொலி நிலையத்துக்கு வயது சொல்லச் சொன்னால், இப்போதைய உரிமையாளர் தம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ணுவார். இது சரியல்ல என்பது என் கட்சி.

மைசூரைப் பாருங்கள். 1935 செப்டம்பர் 10 அன்று மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி, ‘விட்டல் விஹார்’ என்ற தம் வீட்டில் 30 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்து ஒலிபரப்பத் தொடங்கினார். நம் வீட்டுப் பழைய குண்டு பல்பே 40 வாட்! அந்த நிலையத்துக்கு ஏற்பட்ட பெயர்தான் ஆகாசவாணி. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பேராசிரியரே நடத்தினார். பணத் தட்டுப்பாடு வந்தது. 1942-இல் மைசூர் சமஸ்தானம் எடுத்துக்கொண்டது. 1950-இல் ஆல் இந்தியா ரேடியோவுக்குப் போயிற்று. 1955 நவம்பரில் நிலையமே பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. மைசூருக்கு மறுபடி சொந்த நிலையம் கிடைக்க 1974 ஆயிற்று.

இதற்கிடையில் அந்தப் பெயரை தில்லி எடுத்துக்கொண்டு நாடு முழுவதற்கும் சூட்டியது. தமிழ்நாட்டில் ‘வானொலி’ போதும் என்று எதிர்ப்பு எழுந்தது. 2023-இல் எல்லா நிலையங்களும் ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என்று ஆணை வந்தபோதும் அதே குரல். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் பெயர் தில்லியில் பிறந்ததல்ல, நம் பக்கத்து ஊர்ப் பேராசிரியர் வீட்டிலிருந்து போனது என்பதையும் சேர்த்துச் சொல்வோமே.

தனியார் நிலையங்களின் கதை இன்னும் சிக்கல். நாட்டின் முதல் தனியார் பண்பலையான ரேடியோ சிட்டி 2001 ஜூலையில் பெங்களூரில்தான் தொடங்கியது. முதலில் ஸ்டார் குழுமம் பின்னால் இருந்தது. பிறகு ஒரு முதலீட்டு நிதி. 2015-இல் ஜாக்ரண் பத்திரிகைக் குழுமம். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அதே சிட்டி. மும்பையில் 2002-இல் வந்த வின் 94.6 சில ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. அதில் பேசியவர்களின் குரல்கள் யாரிடம் இருக்கின்றன?

உரிமம் கைமாறும்போது அலைவரிசைக்கு எவ்வளவு, பங்கு எவ்வளவு என்று காசுக்குக் காசு கணக்குப் பார்க்கிறார்கள். மழையில் ஊர் மிதந்த காலையில் அறிவிப்பாளர் சொன்னது, தேர்தல் நாளில் நேயர்கள் பேசியது, இவையும் அந்தச் சொத்தில் சேர்ந்தவைதானே? உரிமையாளர் மாறினாலும் நிலையத்தை மூடினாலும் தேர்ந்தெடுத்த ஒலிப்பதிவுகளில் ஒரு பிரதியை மாநில ஆவணக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதை உரிம நிபந்தனையாகவே சேர்க்க வேண்டும். பெரிய செலவில்லை. இன்று ஓராண்டு ஒலிபரப்பு ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும்.

நம்மாலும் ஒன்று ஆகும். வானொலிப் பெட்டிக்கே அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் எடுத்த காலம் மூத்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். அந்த உரிமப் புத்தகம், நிலையத்திலிருந்து வந்த பதில் கடிதம், நிகழ்ச்சி நிரல் என்று எது பரணில் கிடந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். சங்க நூலகத்துக்குக் கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்தாலும் போதும்.