பபூன் மாமாவுக்கு மழைக்காலச் சம்பளம்!



ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கிராமங்களில், கோவில் திருவிழாவுக்கு விடிய விடிய நாடகம் பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி பத்து மணிக்கு ஆர்மோனியம் ஒலிக்கும். பபூன் வந்து வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பார். அப்புறம் ராஜபார்ட், ஸ்திரீபார்ட். விடியும்போது வள்ளிக்கும் முருகனுக்கும் கல்யாணமே முடிந்துவிடும்!

இதற்கு, 'ஸ்பெஷல் நாடகம்' என்று பெயர். இதில் ஓர் அதிசயம் உண்டு. நடிகர்கள் வேறு வேறு ஊர்களிலிருந்து தனித்தனியாக வருவர். ஒத்திகையே கிடையாது. ஆனாலும், பாட்டும், வசனமும் தடங்காமல் ஓடும். எப்படி? சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) எழுதிய 'வள்ளி திருமணம்' எல்லாருக்கும் மனப்பாடம். 1918ல் அவர் மதுரையில் ஆரம்பித்த நாடக சபையில் நடித்ததெல்லாம், உங்களைப் போன்ற சிறுவர்கள்தான்!

சரி, என்ன கஷ்டம்?

நம் ஊர் காய்கறி மார்க்கெட்டுக்கு ஒருநாள் லீவு விட்டால், மூட்டை தூக்குபவருக்கு அன்று கூலி இல்லை. நாடகக் கலைஞர்களுக்கோ மாதக் கணக்கில் லீவு! திருவிழாக்கள் பெரும்பாலும் கோடையில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் யார் மேடை போடுவார்? 2020ல் கொரோனா வந்தபோது, கோடையிலும் வேலை இல்லாமல் போயிற்று.

தமிழக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007ல் வந்தது. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித் தொகையும் உண்டு. ஆனால், வயதாகி, நலிந்த பிறகு கொடுப்பது மட்டும் போதுமா? நன்றாக நடிக்க முடிகிற காலத்திலேயே வேலை கொடுத்து, சம்பளமும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கர்நாடக அரசு, 1989ல் மைசூரில், 'ரங்காயணம்' என்ற நாடக அமைப்பை ஆரம்பித்து, நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்ததே!

'அந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டலாமே?' என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. கழிப்பறை கட்டாயம் வேண்டும். ஆனால், இடிந்த சுவரைத் திரும்பக் கட்டிவிடலாம். பாட்டுச் சொல்லித் தர ஆளே இல்லாமல் போய்விட்டால், கோடி ரூபாய் கொடுத்தாலும் கிடைக்காது.

நாடகத்துக்கான பணத்தையும் பள்ளிக்கூடத்திலேயே செலவழிக்க ஒரு வழி இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. மழைக்காலத்தில் இந்தக் கலைஞர்களைச் சம்பளத்துக்கு அழைத்து, உங்களுக்குப் பயிற்சி தரச் சொன்னால் என்ன? அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். உங்களுக்கு, மேடையில் பயமில்லாமல் பேச வரும். இது தர்மம் அல்ல, கூலி!

ஆனால், ஒன்று... அரசு மேடை போட்டுத் தரலாம்; எதிரே உட்கார ஆள் தர முடியாது. அடுத்த திருவிழாவில் பபூன் போனதும் பாயைச் சுருட்டிக் கொண்டு கிளம்பிவிடாதீர்கள். வள்ளி கல்யாணம் வரை விழித்திருங்கள், சரியா?