படம் காட்டினால் போதுமா?

நாடகக் கம்பெனிகளைக் கொண்டாடுவதற்குச் சுலபமான வழி ஒன்று அகப்பட்டிருக்கிறது. மண்டபத்து விளக்கை அணைத்து, அந்தக் கம்பெனியில் பயின்றவர்கள் பின்னாளில் நடித்த பழைய படங்களிலிருந்து நாலைந்து காட்சிகளைத் துண்டு துண்டாக ஓட்டுகிறார்கள். ஜனங்கள் கை தட்டுகிறார்கள். பொன்னாடை போர்த்தி ஆகிறது. நாடக சரித்திரம் முடிந்தது!

தாயைப் பாராட்டுகிறேன் என்று மேடையேறி, பிள்ளையின் சம்பளத்தை வாசித்துவிட்டு இறங்குகிற காரியம் இது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதில் சிறுவர்களாகச் சேர்ந்தவர்கள்தாம் டி. கே. எஸ். சகோதரர்கள். 1925-ல் அவர்கள் சொந்தக் கம்பெனி கண்டார்கள். என். எஸ். கிருஷ்ணன், எஸ். வி. சகஸ்ரநாமம், கே. ஆர். ராமசாமி எல்லாரும் அந்தக் கொட்டகையின் உப்பைத் தின்றவர்களே. ஆனால் ஸினிமாவுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கவா அந்தக் கம்பெனி நடந்தது?

ஒன்று கேட்கிறேன். டி. கே. சண்முகத்துக்கு 'ஔவை' என்ற பட்டப் பெயர் எதனால் வந்தது? 1942-ல் அரங்கேறிய நாடகத்தில் ஓர் ஆண்பிள்ளை கிழவியாகக் கூனி நடந்ததனால் வந்தது. 1953-ல் ஜெமினி எடுத்த படத்தில் ஔவையாக வந்தவரோ கே. பி. சுந்தராம்பாள். அந்த அம்மாளின் பெருமை வேறு. ஆனால் திரையை நம்பிச் சரித்திரம் எழுதுகிறவன் சண்முகத்தின் ஔவையை எங்கே போய்த் தேடுவான்?

"கிடைத்த படத்தையாவது காட்டக் கூடாதா?" என்பார்கள். காட்டுங்கள், முழுசாகக் காட்டுங்கள். அந்தக் காலத்துப் பிலிம் சீக்கிரம் தீப்பற்றும். பற்றாமல் தப்பியதையும் வெள்ளிக்காக உருக்கினார்கள். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதா'ஸுக்கே இன்று பிரதி இல்லை. மிஞ்சியதைக் கண்ணைப் போல் காக்க வேண்டியதுதான். ஆனாலும் அது காமிராவின் முன் நடித்தது. சகோதரர்கள் 'மேனகா' நாடகத்தை 1935-ல் படமாக்கினார்களே, அதுவும் அப்படித்தான். எதிரே உட்கார்ந்து 'ஒன்ஸ்மோர்' கேட்கிற ஜனங்கள் அதில் ஏது? பெண் வேஷம் கட்டிய பையனுக்குக் குரல் உடைந்த அன்று அவன் பிழைப்பு என்ன ஆயிற்று என்று எந்தச் சுருள் சொல்லும்? அதற்குச் சண்முகம் 1972-ல் வெளியிட்ட 'எனது நாடக வாழ்க்கை'யைப் போன்ற புத்தகங்களைத்தான் படிக்க வேண்டும். படிப்பதற்குப் பொன்னாடை கிடையாதே!

இன்னொன்று. சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' செத்துப் போகவில்லை. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கிறது. வெவ்வேறு ஊரிலிருந்து வந்த நடிகர்கள், ஒத்திகை இல்லாமலே, ஒருவர் பாட்டுக்கு ஒருவர் பதில் பாடுகிறார்கள். கிராமத்துப் பையன்கள் அதைக் கைப்பேசியில் பிடித்து வைக்கிறார்கள். நாளைய ஆவணம் அதுதான். ஆர்மோனியக்காரர் யார், மிருதங்கம் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று குறித்துச் சேர்த்து வைக்க விழாக் குழுக்களுக்கு மனசு உண்டா?

செத்தவர்களுக்குத் திரை கட்டுகிறவர்கள், உயிரோடு பாடிக்கொண்டிருப்பவர்களுக்கு முன்னால் ஓர் இரவு கண் விழித்து உட்காரட்டும். அதற்கப்புறம் கொண்டாட்டத்தைப் பற்றிப் பேசலாம்.