ஒரு கண்ணியைக் கழட்டினால் தீராது

புல்லட்டில் செயின் தொங்க ஆரம்பித்தால் எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் ஒரே வைத்தியம்தான். "ஒரு கண்ணியைக் கழட்டி வுடுங்க, ஓடும்." ஓடும்தான், இல்லை என்று சொல்லவில்லை. எத்தனை நாளைக்கு, எதைத் தின்றுகொண்டு ஓடும் என்பதுதான் கேள்வி. கண்ணி கழட்டுகிற நிலைக்கு வந்துவிட்ட செயின், முழுசாகக் கழட்டி எறிய வேண்டிய செயின் என்பது என் கருத்து. அப்படி மாற்றும்போது செயினை மட்டும் மாற்றுவது பாதி வேலை.

இதை நகரத்து நண்பர்களுக்காக எழுதக் காரணம் இருக்கிறது. பழைய புல்லட் தேடி இப்போது ஊர் ஊராக ஆட்கள் வருகிறார்கள். மாட்டுக் கொட்டகை ஓரம் சாக்குப் போட்டு மூடி வைத்த வண்டியைக்கூட விலை பேசி எடுத்துப் போகிறார்கள். நல்ல விஷயம்தான். பெயின்ட் அடிக்கிறார்கள், டேங்குக்குத் தங்கக் கோடு இழுக்கிறார்கள், சைலன்ஸர் மாற்றுகிறார்கள், சீட்டுக்குப் புதுத் தோல் தைக்கிறார்கள். செயின் மட்டும் கவருக்குள் அப்படியே கிடக்கும். கேட்டால், "எண்ணெய் விட்டாச்சு, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். செயின் நன்றாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல முடியும்.

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா வாங்கிய 350 புல்லட். 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்தார்கள். அந்த வழியில் வந்த வார்ப்பிரும்பு என்ஜின் வண்டி. 346 சி.சி., 18 குதிரைத் திறன். எங்களுக்கு அது காட்சிப்பொருள் இல்லை. காலையில் சொசைட்டிக்குப் பால் கேன், மதியம் தோட்டத்துக்கு யூரியா மூட்டை, ராத்திரி யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆஸ்பத்திரி. அதனால் செயின் என்பது எங்களுக்கு அழகு சமாச்சாரம் இல்லை.

செயின் நீளுவதில்லை

"செயின் நீண்டு போச்சு" என்று சொல்வது பேச்சு வழக்கு. உண்மையில் எந்தத் தகடும் இழுபட்டு நீளுவதில்லை. இன்றைக்கு நாம் ஓட்டுகிற உருளை வைத்த செயினை 1880-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பக்கம் ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் உருவாக்கினார். பக்கத்துக்கு ஒரு தகடு, நடுவில் ஒரு பின், பின்னைச் சுற்றி ஒரு புஷ், அதற்கு மேல் சுழலும் உருளை. அடிப்படை இன்றைக்கும் மாறவில்லை. செயின் வளைந்து நிமிரும் ஒவ்வொரு தடவையும் பின், புஷ்ஷுக்குள் திரும்புகிறது. எண்ணெய் வற்றி, புழுதியும் சேற்று மணலும் உள்ளே போனால் இரண்டும் ஒன்றை ஒன்று தேய்க்கும். கதவுக் கீல் தேய்ந்தால் கதவு இறங்குகிற மாதிரிதான். ஒரு கீலில் தேய்வது மயிரிழை. நூறு கீலில் சேர்ந்தால் அங்குலக் கணக்கு.

இனி கணக்கைப் பாருங்கள். புல்லட்டின் பின் செயினில் ஒரு கண்ணிக்கு, அதாவது ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு, 5/8 அங்குலம். மில்லிமீட்டரில் 15.875. செயினில் சுமார் நூறு கண்ணி. அகலக் கண்ணியும் குறுகிய கண்ணியும் மாறி மாறி வருவதால், பட்டறையில் "ஒரு கண்ணி கழட்டு" என்றால் ஒரு ஜோடி, அதாவது இரண்டு கண்ணி போகும். நூறில் இரண்டைக் கழட்டியும் செயின் பழைய இடத்துக்கே சரியாகப் பொருந்துகிறது என்றால், அது நூற்றுக்கு இரண்டு பங்கு நீண்டுவிட்டது என்று அர்த்தம்.

இந்த வகைச் செயினுக்குப் பழைய ஆட்கள் வைத்த எல்லையும் அதேதான். ஓர் அடிக்குக் கால் அங்குலம் கூடினால் தூக்கிப் போடு என்பார்கள். கணக்குப் போட்டால் நூற்றுக்கு இரண்டு. ஆக, கண்ணி கழட்ட இடம் வந்துவிட்டது என்றாலே செயினின் ஆயுசு முடிந்துவிட்டது. கழட்டிய இரண்டைத் தவிர மீதி 98 கண்ணியும் தேய்ந்த கண்ணிதான். தொங்கல் போயிருக்கும், தேய்மானம் அப்படியே இருக்கும்.

ஜோடியாகக் கழட்டினால் ரொம்ப இறுகுகிறது என்று, ஒற்றைக் கண்ணியை எடுத்துவிட்டு வளைந்த அரைக் கண்ணி ஒன்றைச் சேர்க்கிறவர்களும் உண்டு. மூட்டை ஏற்றுகிற வண்டியில் அது வேண்டவே வேண்டாம். செயினில் வலுக் குறைந்த இடம் அதுதான்.

வீட்டிலேயே அளக்கலாம். செயினைக் கழட்டி மண்ணெண்ணெயில் கழுவி, பலகையில் நேராக வைத்து, இழுத்துப் பிடித்து 20 கண்ணியை அளங்கள். பின் நடுவிலிருந்து பின் நடுவுக்குப் புதுசில் 12½ அங்குலம் இருக்கும். 12¾ வந்தால் முடிந்தது கதை. நான்கைந்து இடத்தில் அளக்க வேண்டும், செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. கழட்ட நேரமில்லை என்றால், பின் சக்கரப் பல்லின் கடைக்கோடியில் செயினை விரலால் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிகிற அளவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் அளக்கவே வேண்டியதில்லை.

கிழ மாட்டோடு காளைக் கன்று

அடுத்த தப்பு, செயினை மட்டும் புதுசாகப் போடுவது. தேய்ந்த செயினோடு ஓடிய பல்லும் அதற்கேற்பத் தேய்ந்திருக்கும். நிமிர்ந்து நிற்க வேண்டிய பல், அரிவாள் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதில் புதுச் செயினை மாட்டுவது, கிழ மாட்டோடு காளைக் கன்றை ஒரே நுகத்தில் பூட்டுகிற மாதிரி. இரண்டும் கெடும். செலவு செய்த புதுச் செயின், பழைய செயினின் தேய்மானத்துக்குச் சீக்கிரமே வந்து சேரும்.

இங்கேதான் புல்லட்டின் குணம் தெரிய வேண்டும். பழைய புல்லட்டில் பின் பல்சக்கரம் தனியாக இல்லை. 38 பல்லும் பிரேக் டிரம்மோடு ஒரே வார்ப்பு. பல் போனால் டிரம்மையே மாற்ற வேண்டும். முன் பல் 350-க்கு 16, அது கியர்பாக்ஸில், கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் இடது பக்க கவரைத் திறந்து, எண்ணெயை வடித்து, உள் செயின், கிளட்ச் எல்லாம் கழட்டி, உள் கேஸையும் எடுக்க வேண்டும். அதனால் மெக்கானிக்குகள் தயங்குவார்கள்.

"அதைத் தொறந்தா அரை நாள் போயிருமுங்ணா. பின்னாடி மட்டும் போட்டுக்கலாமுங்க" என்று எங்கள் மெக்கானிக் தம்பி சொன்னார்.

"அரை நாள் கூலியைச் சேர்த்தே வாங்கிக்கோ தம்பி. தொறந்துரு" என்றேன்.

அவர்மேல் குற்றம் இல்லை. வருகிறவர்கள் கூலிக்குப் பேரம் பேசினால், அவரும் கண்ணுக்குத் தெரிகிற வேலையை மட்டும்தான் செய்வார். ஆனால் சிறிய பல்லின் ஒவ்வொரு பல்லும் பெரிய பல்லைவிட இரண்டு மடங்குக்கு மேல் தடவை செயினைத் தொடுகிறது. முதலில் தேய்வதே அதுதான். அதை விட்டுவிட்டு மற்றதை மாற்றுவதில் என்ன புண்ணியம்? திறந்த கையோடு அங்கே இருக்கிற ஆயில் சீலையும் பார்த்துவிடலாம். பின்னால் டிரம்மைக் கழட்டும்போது ஹப்புக்குள் இருக்கும் அதிர்வு ரப்பர்களையும் பாருங்கள். ரப்பர் நசுங்கிப் போயிருந்தால் ஒவ்வொரு கியருக்கும் புதுச் செயின் உதை வாங்கும்.

எந்தச் செயின்?

கடையில் "புல்லட் செயின்" என்று மட்டும் கேட்காதீர்கள். வருஷத்துக்கு வருஷம், மாடலுக்கு மாடல் மாறும். எண்ணைச் சொல்லுங்கள். பழைய வண்டிக்கு 530. முதல் 5 என்பது கண்ணி நீளம், எட்டில் ஐந்து அங்குலம். அடுத்த 30 என்பது உள் அகலம், எட்டில் மூன்று அங்குலம். 520 என்றால் கண்ணி நீளம் அதேதான், அகலம் கால் அங்குலம்தான், உங்கள் பல்லில் உட்காராது. 428 என்றால் கண்ணி நீளமே அரை அங்குலம். இந்த எண் பக்கத் தகட்டில் குத்தியிருக்கும். அட்டைப் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் தகட்டைப் பாருங்கள். பழைய செயினின் கண்ணியை எண்ணிக்கொண்டு போங்கள். முன்பு வைத்திருந்தவர் முன் பல்லை மாற்றியிருந்தால் கண்ணி எண்ணிக்கையும் மாறியிருக்கும். பல்லையும் எண்ணிவிடுங்கள்.

வெளிநாட்டுத் தங்கநிறச் செயின், ஓ-ரிங் செயின் என்று நகரத்து நண்பர்கள் கேட்கிறார்கள். ஓ-ரிங் செயினில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் கிரீஸை அடைத்து ரப்பர் வளையம் வைத்திருப்பார்கள். அதிக நாள் உழைக்கும், உண்மைதான். ஆனால் சாதாரணச் செயினைவிட அகலம் கூடுதல். பழைய வண்டியில் கேஸுக்கும் செயினுக்கும் நடுவில் இருக்கிற சந்து கொஞ்சம்தான். உரசாமல் ஓடுமா என்று வைத்துப் பார்த்த பிறகுதான் வாங்க வேண்டும். 18 குதிரைத் திறனுக்கு நல்ல சாதாரண 530 தாராளம் என்பது என் எண்ணம். அதற்குக் கடல் தாண்டவும் வேண்டாம். கோயம்புத்தூர் எல்.ஜி.பி.யின் ரோலான், சென்னை டி.ஐ.யின் டைமண்ட் என்று செயின் செய்வதில் பேர் பெற்ற இரண்டு நிறுவனங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. பேர் தெரியாத மலிவுச் செயினை மட்டும் வாங்காதீர்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்

பல் நன்றாக இருந்து செயினை மட்டும் மாற்றுகிற நாள் வந்தால், பழையதை முழுசாக உருவிவிடக் கூடாது. அதன் கடைசிக் கண்ணியில் புதுசைக் கோத்து இழுத்தால், முன் பல்லைச் சுற்றித் தானாக வந்துவிடும். செயின் லாக்கின் கிளிப்பில் மூடிய பக்கம், செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் ஓட்டத்தில் அது முன்பக்கம். திருப்பிப் போட்டால், எதிலாவது தட்டினால் கிளிப் கழன்றுவிடும். பழைய கிளிப்பைத் திரும்பப் போட விடாதீர்கள்.

பிறகு ஆக்சில் நட்டுகளையும் பிரேக் தகட்டைப் பிடித்திருக்கும் நட்டையும் தளர்த்தி, நத்தை ஓடு மாதிரி இருக்கும் இரண்டு அட்ஜஸ்டரையும் திருப்ப வேண்டும். இடமும் வலமும் ஒரே படியில் நிற்க வேண்டும். அதோடு விடாமல் நூல் பிடித்துப் பாருங்கள். 350-ல் முன் டயர், பின் டயர் இரண்டும் 3.25-19 என்பதால், ஓரமாக இழுத்த நூல் இரண்டு டயரையும் ஒரே மாதிரி தொடும். நாற்று நடக் கயிறு பிடிக்கிறவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொங்கல் ஓர் அங்குலம் அளவுக்கு இருக்கட்டும். சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே அதிகமாக இறுகுகிறதோ அந்த இடத்தில் பார்க்க வேண்டும். வண்டியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் பாருங்கள். பாரம் ஏறி வண்டி அமுங்கினால் செயின் மேலும் இறுகும். வெறும் வண்டியில் விறைப்பாக வைத்துவிட்டு இரண்டு மூட்டை ஏற்றினால், கியர்பாக்ஸ் பேரிங்தான் அந்த இழுவையைத் தாங்க வேண்டும். சக்கரம் நகர்ந்ததால் பின் பிரேக்கையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். இதை மறந்தே பலர் ரோட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

அப்புறம் எண்ணெய். என்ஜினிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைச் செயினுக்கு விடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். அதில் இருக்கும் கரியும் உலோகத் துகளும் உள்ளேதான் போகும். கொஞ்சம் 90 நம்பர் கியர் ஆயில் வாங்கி, உருளைக்கும் தகட்டுக்கும் நடுவில் சொட்டுச் சொட்டாக விட்டு, வழிவதைத் துடைத்தால் போதும். நகரத்தில் மூடி வைத்த வண்டிக்கும் இது வேண்டும். ஓடாத செயின் துருப்பிடித்துக் கண்ணி இறுகிப்போகும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். தேய்ந்த செயின் நிற்கிற வண்டியில் அறுவதில்லை, ஓடுகிற வண்டியில்தான் அறும். அறுந்து பின்னால் விழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம். முன் பல்லில் சுருண்டுகொண்டால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும், கேஸும் உடையும். பின்னால் பெஞ்சாதியோ பிள்ளையோ உட்கார்ந்திருப்பார்கள்.

பழைய வண்டிமேல் பிரியம் இருக்கிறவர்கள் பெயின்டுக்கு ஒதுக்குகிற பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, முன் பல், டிரம், செயின் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். அரை நாள் கூலிக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். கிளட்சைக் கழட்டி உள்ளே பார்க்கத் தெரிந்த மெக்கானிக்குகள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அவர்கள் கைக்கு வேலையும், வேலைக்குத் தகுந்த கூலியும் கிடைத்தால்தான் இந்த வண்டிகள் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.